பொய்மீன்

ஞாயிறு, விடியாத ஐந்தரை மணி.
உடைந்த பாலத்துக்குக் கீழே
அடையாறு கடலுக்கு வாயைத் திறந்து கிடந்தது.
வாரத்தில் ஆறு நாள் நான் பார்ப்பதும் வாய்கள்தாம்,
வேளச்சேரியில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில்.
ஊசியைக் கண்டதும் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.
மீன் மூடுவதில்லை. அதற்கு இமை கிடையாது.

என் கோல் கொரியாவில் செய்தது.
பொய்மீனுக்குப் பச்சை முதுகு, சிவந்த தொண்டை,
முக்கொக்கி இரண்டு,
வயிற்றுக்குள் கிலுகிலுக்கும் ஈயக் குண்டுகள்.
ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.
வீட்டில் நானூறு என்று சொல்லியிருக்கிறேன்.
இது இரண்டாவது.
முதலாவது போன ஞாயிறு எதிலோ மாட்டி அறுந்துபோயிற்று.
அடியில் பாறை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது வீச்சில் கொடுவா.
பாலத்தின் அடிவாரத்தில், முழங்கால் தண்ணீரில்,
நிவாஸ் அளவுகோலை நீட்டினான்: அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்தோம்.
கொக்கியைக் கழற்றியபோது கீழுதட்டில்
பட்டாணி நுழையும் அளவுக்கு ஒரு துளை.
வாலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன்,
மூச்சு வந்ததும் என் கையை உதறிவிட்டுப் போயிற்று.
நாங்கள் கைதட்டினோம்.

ஃபைபர் படகொன்று இன்ஜினை அணைத்தபடி பக்கத்தில் வந்தது.
தேசிங்கு. ராத்திரி பதினொன்றிலிருந்து வலையோடு இருப்பவர்.
“நாலு கிலோ சார் அது.
ரெண்டாயிரம் ரூபாயைத் தண்ணியில வுட்டுட்டு
கை வேற தட்டுறீங்க.
துன்றதுக்கும் இல்ல, விக்கிறதுக்கும் இல்ல.
அப்ப இன்னாத்துக்குத்தான் அத்தப் புடிக்கிறது?”

நிவாஸ் மீன்வளம் என்று ஆரம்பித்தான்.
உங்கள் கண்ணியில் விரல்கூட நுழையாது,
குஞ்சையெல்லாம் வாரிக்கொண்டு போகிறீர்கள் என்றான்.
அது பொய்யில்லை. வலை அங்கேதான் கிடந்தது.
ஆறு யாருடைய அப்பன் சொத்தும் இல்லை என்றும் சொன்னான்.
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

தேசிங்கு கத்தவில்லை.
“தெண்டி ஓடுறப்ப வலை இந்தப் பக்கம்தான் சாயும்.
அதுகூடத் தெரியாம எறியிறீங்க.”
படகின் அடியிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார்:
பச்சை முதுகு, சிவந்த தொண்டை.
“ரெண்டு பாகம் வலை போச்சு. இது யாருது?”

இல்லை, என்னுடையதில்லை என்றேன்,
நானூறு ரூபாய் என்று சொன்ன அதே குரலில்.

அவருடைய கட்டைவிரலில் பழைய துணி.
துணியைத் தாண்டி வீங்கியிருந்த நிறத்தைப் பார்த்தால்
அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும்.
அது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன்.
சொன்னால், எப்படிப் பட்டது என்ற பேச்சு வரும்.
ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

திங்கள் சாயங்காலம் பட்டினப்பாக்கம் சாலையோரம்
தனபாக்கியத்தின் பலகையில் ஐஸுக்கு நடுவே ஒரு கொடுவா.
குனிந்து பார்த்தேன். கீழுதடு. பட்டாணி அளவு.
என்ன பேசுவதென்று தெரியாமல் வாய் தானாகப் பேரம் பேசியது:
“உதடு கிழிஞ்சிருக்கே, கொஞ்சம் கொறச்சுக்கோங்க.”
“உதட்டையா துன்னப் போற?” என்றாள்.

ரெண்டாயிரத்து நூறு.
வீட்டில் முதன்முறையாகச் சரியான விலையைச் சொன்னேன்.
யாரும் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு பாலத்துக்குப் போனபோது
வெளியே துருத்தி நிற்கும் கம்பியொன்றில்
நைலான் கயிற்றால் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்,
தலை இடிக்கிற உயரத்தில்,
யார் வேண்டுமானாலும் அவிழ்த்துக்கொள்ளலாம் என்பதுபோல.
காற்றடிக்கும்போதெல்லாம் ஈயக் குண்டுகள் கிலுகிலுத்தன.
நாங்கள் ஒன்பது பேர் அதற்குக் கீழே நின்று
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.